ஃபின்ச் குஞ்சுகளைப் பெரிய கூண்டுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் பன்னிரண்டு வருடமாக ஃபின்ச் என்ற சின்னக் கூண்டுக்குருவிகளை வளர்க்கிறேன். என்னிடம் ஜோடி வாங்கிப் போனவர்கள் மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல், நாகர்கோவில் என்று கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். முதல் ஈடு குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கியதும் போன் வரும். கேட்கிற ஆள் மாறுவார், சந்தேகம் மட்டும் மாறாது. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஜீப்ரா, பெங்காலீஸ் என்ற இரண்டு வகை ஃபின்ச்சையும் மனதில் வைத்து எழுதியது. கோல்டியன் என்ற இன்னொரு வகைக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

ஃப்ளைட் கேஜ்னா என்ன? இப்பம் இருக்குற கூண்டைவிட பெருசா இருந்தா போதும்தானே?

நீளம்தான் கணக்கு. ஜோடி போட்டு முட்டை வைக்கிற கூண்டு ஒன்றரை அடி இருக்கும். அதில் பறவை ஒரு கம்பிலிருந்து இன்னொரு கம்புக்குத் தாவும், பறக்காது. இரண்டு கம்புக்கு நடுவில் நாலைந்து தடவையாவது சிறகடித்துப் போகிற இடம் இருந்தால்தான் அது ஃப்ளைட் கேஜ். நாலைந்து குஞ்சுக்கு மூன்றடி நீளம் குறைந்தபட்சம். எட்டு, பத்துக் குஞ்சு என்றால் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் கோபுரம் மாதிரி மேலே வளைத்து, மூன்றடி உயரத்தில் அழகாகத் தொங்கும் கூண்டு வாங்கிவிட்டு வருகிறவர்கள் நிறைய. ஃபின்ச் பக்கவாட்டில் பறக்கிற பறவை. உயரத்துக்குக் கொடுத்த காசு அதற்கு ஒரு பயனும் தராது.

எத்தனை நாள் ஆனா மாத்தலாம்? நாள் கணக்கு மட்டும் சொல்லுங்க அண்ணே.

ஜீப்ரா முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும். குஞ்சு 18 முதல் 21 நாளுக்குள் கூட்டை விட்டு இறங்கும். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் போல அப்பாவும் அம்மாவும் ஊட்டும், அதிகமாக அப்பா. 35 நாளில் அநேகமாக ஊட்டுவது நின்றுவிடும். நான் 42 நாளுக்கு முன்னால் மாற்றுவதில்லை. பெங்காலீஸ் கொஞ்சம் மெதுவானது. முட்டைக்கு 16 நாள், இறங்க 22 முதல் 25 நாள். அதனால் அதற்கு 45 நாள்.

கணக்கை எப்போதும் கடைசியாகப் பொரித்த குஞ்சிலிருந்து எண்ணுங்கள். ஒரே ஈட்டில் மூத்ததுக்கும் கடைக்குட்டிக்கும் இரண்டு மூன்று நாள் வித்தியாசம் இருக்கும். மூத்ததைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினால் அடிபடுவது கடைக்குட்டிதான். காலண்டரில் பொரித்த தேதியைக் குறித்துவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

25 நாள்லயே நல்லா பறக்குதே, அப்புறம் எதுக்கு காத்திருக்கணும்?

பறக்கத் தெரிவது வேறு, தின்னத் தெரிவது வேறு. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வளர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், நாலு ஜீப்ரா குஞ்சுகளை 26 நாளில் பெரிய கூண்டுக்கு மாற்றினேன். கூண்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து திரிந்ததைப் பார்த்து அன்று முழுக்கச் சந்தோஷம். தீனிக் கிண்ணமும் நிரம்பியே இருந்தது. மறுநாள் சாயங்காலம் இரண்டு குஞ்சு கீழே தரையில், இறகைச் சிலுப்பிக்கொண்டு கிடந்தன. விடியும்போது இரண்டும் இல்லை.

கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே இருந்த கொஞ்சம் தினை அப்படியே இருந்தது. குஞ்சுகள் கொத்திப் பார்த்திருக்கின்றன, உமி உரிக்கத் தெரியாமல் போட்டிருக்கின்றன. தீனிக்கு நடுவில் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. இவ்வளவு சிறிய உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு பகல் வயிறு காய்ந்தாலே அந்த இரவைத் தாண்டுவது கஷ்டம். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள்.

தானா தின்னுதா இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிக்குறது?

காலையில் விளக்கு போட்ட அல்லது வெளிச்சம் வந்த முதல் அரை மணி நேரம்தான் அவை நன்றாகத் தின்னும் நேரம். பக்கத்தில் ஒரு பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். தின்னத் தெரிந்த குஞ்சு ஒரு தினையை எடுத்து, அலகின் ஓரத்துக்குத் தள்ளி, நாக்கால் உருட்டும். கீழ் அலகு படபடவென்று அசையும். உமி இரண்டு பிளவாகப் பிரிந்து அலகின் பக்கத்தில் ஒட்டி நிற்கும், பிறகு விழும். விளையாடுகிற குஞ்சு எடுத்த தினையை முழுசாகவே கீழே போடும். கிண்ணத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரியும்: விழுந்திருப்பது உமியா, முழுத் தினையா?

அடுத்தது தீனிப்பை. கழுத்தின் வலப்பக்கம், இறகை லேசாக ஊதி விலக்கினால் மெல்லிய தோலுக்கு அடியில் தினை மணிமணியாகத் தெரியும். சாயங்காலம் அடைவதற்கு முன்னால் இது நிரம்பியிருக்க வேண்டும். அப்பாவைக் கண்டதும் கழுத்தைத் திருகி, வாயை மேல்நோக்கித் திறந்து கத்துவது மட்டும் ஒரு அடையாளம் ஆகாது. தின்னத் தெரிந்த குஞ்சும் ஓசிச் சோற்றுக்கு அப்படிக் கத்தும்.

கிராம் தராசு இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த ஜீப்ராவே 12 கிராம் போலத்தான் இருக்கும், அதில் ஒரு கிராம் குறைந்தாலே பெரிய விஷயம். இரண்டு நாள் தொடர்ந்து உமி உரிப்பதைப் பார்த்து, எடையும் குறையாமல் இருந்தால் மாற்றலாம்.

அப்பா அம்மா கூடவே விட்டா என்ன? பிரிக்க பாவமா இருக்கு.

அந்த இரக்கம் நல்லதுதான், ஆனால் பெரிய பறவைகள் அப்படி நினைப்பதில்லை. முதல் ஈடு இறங்கியதுமே ஜோடி அடுத்த ஈட்டுக்குத் தயாராகிவிடும். பழைய குஞ்சுகள் ராத்திரி கூட்டுக்குள் நுழைந்து புது முட்டையின் மேல் படுக்கும், எச்சம் போடும், முட்டையை உருட்டும். அப்பா விரட்ட ஆரம்பிக்கும். முதுகிலும் வாலடியிலும் இறகைப் பிடுங்கிவிடுவதும் உண்டு. குஞ்சின் முதுகில் சிவப்பாகத் தோல் தெரிந்தால், தானாகத் தின்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே பிரியுங்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஜீப்ராவில் ஆண்தான் பாடும், அந்தப் பாட்டைக் குஞ்சு பெரும்பாலும் அப்பாவிடமிருந்தே கற்கிறது. 25 நாளிலிருந்து 65 நாள் வரை கேட்டு மனதில் வாங்கும் காலம், 90 நாள் வாக்கில் பாட்டு நிலைபெற்றுவிடும். 42 நாளில் மாற்றும்போது அந்தக் காலம் முடிந்திருக்காது. அதனால் பெரிய கூண்டை அப்பாவின் கூண்டு கண்ணில் படுகிற மாதிரி பக்கத்திலேயே வையுங்கள். வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

புதுக் கூண்டு வாங்கியாச்சு. அப்படியே விட்டுடலாமா?

வேண்டாம். புது ஜி.ஐ. வலையில் பூசியிருக்கிற துத்தநாகம் சில இடங்களில் பொடியாகவும் சொட்டாகவும் நிற்கும். பறவை அதைக் கொத்தினால் விஷம். வினிகர் கலந்த தண்ணீரில் பிரஷ் வைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். வெட்டின கம்பி முனைகளைக் கையால் தடவிப் பாருங்கள். உங்கள் விரலில் குத்துவது குஞ்சின் கண்ணிலும் குத்தும்.

உட்காருவதற்குக் கடையில் கொடுக்கிற உருண்டைப் பிளாஸ்டிக் குச்சி வேண்டாம். கொய்யாக் கம்பு நம் ஊரில் எல்லா வீட்டிலும் கிடைக்கும், பென்சில் தடிமனிலிருந்து சுண்டுவிரல் தடிமன் வரை பலவிதமாக வெட்டி வையுங்கள். அரளி, எருக்கு கூடவே கூடாது. மரச்சீனி என்கிற மரவள்ளியின் கம்பும் இலையும் கூடாது, அதில் சயனைடு விஷம் உண்டு. பச்சை ரப்பர்க் கம்பில் பால் வடிந்து காலில் ஒட்டும்.

கம்புகளை இரண்டு கோடியிலும் மட்டும் வைத்து, நடுவைக் காலியாக விடுங்கள். அழகுக்காக நடுவில் ஊஞ்சலும் கிளையும் வைத்தால் நாலடிக் கூண்டு திரும்பவும் ஒன்றரை அடிக் கூண்டாகிவிடும்.

கோழி வலை அடிச்சா போதாதா? அது விலை கம்மி.

போதாது. ஃபின்ச்சுக்கு அரை இஞ்ச் இடைவெளிதான். ஒரு இஞ்ச் கோழி வலையில் குஞ்சு தலையை விட்டு மாட்டிக்கொள்ளும், எலியும் பாம்பும் தாராளமாக உள்ளே வரும்.

எந்த நேரத்துல மாத்தணும்? கையால பிடிக்கலாமா?

காலை ஏழு, ஏழரை. குஞ்சுகள் பழைய கூண்டில் ஒரு தடவை வயிறு நிறையத் தின்ற பிறகு. அப்போதுதான் புது இடத்தில் தீனி, தண்ணீர், உட்காரும் இடம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் கிடைக்கும். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து மாற்றுகிறவர்கள்தான் மறுநாள் காலையில் எனக்குப் போன் பண்ணுகிறார்கள். நீங்கள் அன்றும் மறுநாளும் வீட்டில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிற வாரத்தில் மாற்ற வேண்டாம்.

முடிந்தால் கையே படாமல் மாற்றலாம். சிறிய கூண்டின் வாசலைப் பெரிய கூண்டின் வாசலோடு சேர்த்துக் கட்டி, இரண்டையும் திறந்துவிட்டு, பெரிய கூண்டுக்குள் ஒரு தினைக்கதிரைத் தொங்கவிடுங்கள். ஒன்று போனால் மற்றவையும் பின்னால் போகும். கையால் பிடிக்க வேண்டியிருந்தால் அறையை இருட்டாக்குங்கள். கழுத்து இரண்டு விரலுக்கு நடுவில், முதுகு உள்ளங்கையில். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு போய்வரும். பயந்து இறுக்கிப் பிடித்தே மூச்சு முட்டிச் செத்த குஞ்சுகள் உண்டு.

முதல் மூணு நாள் என்ன செய்யணும்?

தீனியைத் தரையில் வையுங்கள். பெரிய கூண்டில் தீனிக் கிண்ணத்தை மேலே கம்பியில் மாட்டுகிறார்கள், குஞ்சு அங்கே தேடாது. ஜீப்ரா இயல்பாகவே தரையில் கொத்தித் தின்கிற பறவை. இரண்டு மூன்று தட்டையான தட்டுகளில் தினையைப் பரப்பி, தரையிலும் கொஞ்சம் தூவிவிடுங்கள். பழைய கூண்டிலிருந்த அதே கிண்ணத்தையும் ஒரு பக்கம் வையுங்கள், அதை அவை அடையாளம் கண்டுகொள்ளும். தீனி வகையை இந்த வாரத்தில் மாற்றக் கூடாது. தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழமான கிண்ணத்தில் குஞ்சு விழுந்தால் ஏறத் தெரியாது.

ஊறவைத்த தினை மிகவும் உதவும். இரவு ஊறப் போட்டு, காலையில் நன்றாக அலசி வடித்துக் கொடுங்கள். உமி மெதுவாகியிருப்பதால் புதிதாகப் பழகுகிற அலகுக்கு எளிது. அவித்த முட்டையை ஓட்டோடு நசுக்கி ஒரு ஸ்பூன் வைக்கலாம். இரண்டையும் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். நம் ஊர் புழுக்கத்துக்குச் சீக்கிரம் புளித்துவிடும்.

காலையும் மாலையும் கிண்ணத்தை எடுத்து வாயால் ஊதுங்கள். உமி பறந்தபின் அடியில் எவ்வளவு மணி இருக்கிறது என்று பாருங்கள். நிறைந்த கிண்ணம் மாதிரி தெரிவது பல நேரம் வெறும் உமிதான். பயந்த குஞ்சுகளோடு அமைதியான ஒரு வயதான பெங்காலீஸை விட்டால் நல்லது. அது தின்பதைப் பார்த்து இவை தின்னும். பசியோடு கத்துகிற குஞ்சுக்கு அதுவே ஊட்டுவதும் உண்டு. கோல்டியன் முட்டையைக்கூட பெங்காலீஸிடம் வைத்துத்தான் பலர் பொரிக்க வைக்கிறார்கள்.

மாத்தினதுல இருந்து கம்பியில போய் மோதிக்கிட்டே இருக்கு, என்ன செய்ய?

எல்லாப் பக்கமும் திறந்திருந்தால் எந்தப் பக்கம் சுவர், எந்தப் பக்கம் வெளி என்று குஞ்சுக்குத் தெரியாது. பின்பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் துணியாலோ பலகையாலோ மறைத்து, முன்பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். அநேகமாக ஒரே நாளில் அடங்கிவிடும்.

ராத்திரி மோதினால் அது வேறு. பூனை, எலி, ஓடுகிற பல்லி, ஐப்பசி இடி, எதுவும் திடுக்கிட வைக்கும். இருட்டில் பறந்து மோதிக் கழுத்து ஒடியும். பக்கத்தில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். கரண்ட் போகிற ஊராக இருந்தால் சார்ஜில் ஓடும் சின்ன விளக்கு ஒன்றும் வேண்டும்.

தினை மட்டும் போதுமா?

தினை, சாமை, பனிவரகு மூன்றும் கலந்து கொடுங்கள். கம்புத் தானியம் அலகுக்குப் பெரிசு. முருங்கை இலையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டாம் நாளே பழகிவிடும். மருந்து அடிக்காத தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் நல்லது. வெண்ணெய்ப்பழம் எனும் அவகாடோ பறவைக்கு விஷம், ஒரு துண்டுகூட வேண்டாம்.

முட்டம் கடற்கரையில கெடக்குற கணவாய் ஓட்டை எடுத்து வைக்கலாமா?

தாராளமாக. கடையில் காசு கொடுத்து வாங்குவதும் அதேதான். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டாலும் இதைத்தான் தருவார்கள். கரையில் எடுத்தது உப்பும் நாற்றமுமாக இருக்கும். தார் படிந்ததை விட்டுவிட்டு, வெள்ளையாக இருப்பதை எடுத்து, நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும். மெதுவான பக்கம் பறவையைப் பார்த்திருக்கிற மாதிரி கம்பியில் கட்டிவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு இதைவிடச் சுலபமான வழி நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இல்லை.

மழைக்காலத்துல மாத்தலாமா? இங்க பாதி வருஷம் மழைதானே.

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. அதற்காகக் காத்திருந்தால் குஞ்சு வளர்ந்துவிடும். மாற்றலாம், ஆனால் இடத்தைப் பார்க்க வேண்டும். நனைந்த குஞ்சு காற்றடிக்கிற இடத்தில் உட்கார்ந்தால் ஒரே ராத்திரியில் சுருண்டுவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் கூண்டின் மேற்குப் பக்கத்தை முழுக்க அடைத்துவிடுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றில் வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூலைகளைச் சோதிக்க வேண்டும்.

மழையில் எனக்குப் பெரிய பயம் தீனிதான். ஈரத்தில் தினை பூசணம் பிடித்தால் அந்த விஷம் ஈரலைத் தாக்கும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மக்கின வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கத்தில் இருப்பவர்களுக்கு: ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையிலிருந்து காற்று வீசும் திசையில் கூண்டை வைக்காதீர்கள். ஃபின்ச்சின் மூச்சுக்குழல் புகையைத் தாங்காது. கொசுவர்த்தி, சாம்பிராணி, அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் சட்டியின் ஆவி எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது என் பெரிய கூண்டு சுவரோடு ஆணியடித்து நின்றது. மேலே தென்னை மட்டையும் ஓடும் விழுகிற நேரத்தில் பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சிறிய கூண்டுக்கு மாற்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதன் பிறகு செய்த கூண்டு இரண்டு பேர் தூக்கி வாசல் வழியே உள்ளே கொண்டுவருகிற அளவில்தான் இருக்கிறது. நீங்கள் செய்யும்போதும் வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

வீட்டுல லவ் பேர்ட்ஸ் கூண்டு பெருசா இருக்கு. அதுலயே விட்டா இடம் மிச்சம்தானே?

விடாதீர்கள். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற பட்ஜி கிளி சாதுவாகத்தான் தெரியும். ஆனால் அதன் அலகு ஒரு கடியில் ஃபின்ச்சின் கால் விரலைத் துண்டாக்கிவிடும். ஜாவாக் குருவியும் உடம்பில் பெரிது, தீனித் தட்டில் குஞ்சுகளை அண்ட விடாது.

எறும்பும் பாம்பும் வருது. பெரிய கூண்டுல எப்படிக் காவல் காக்குறது?

தீனி தரையில் இருப்பதால் எறும்பு கண்டிப்பாக வரும். ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும். கூண்டு சுவரைத் தொடாமல் நாலு இஞ்ச் தள்ளி நிற்கட்டும். எறும்புப் பொடி கூண்டுக்குப் பக்கத்தில்கூட வேண்டாம்.

பாம்பு வருவது எலியைத் தேடி, எலி வருவது சிந்தின தினையைத் தேடி. தினமும் சாயங்காலம் கூண்டுக்கு அடியில் பெருக்குங்கள். அரை இஞ்ச் வலையிலும் சின்னப் பாம்பு நுழையலாம், அதனால் ராத்திரி முன்பக்கத்துக்குக் கொசுவலை மாதிரி நெருக்கமான ஒரு வலையையும் இறக்கிவிடுவது நல்லது.

ராத்திரி தூங்கப் பானையோ சிரட்டையோ தொங்கவிடலாமா?

வேண்டாம். பானை, சிரட்டை, தேங்காய் நார் எதைக் கண்டாலும் கூடு கட்டும் எண்ணம் வந்துவிடும். ஜீப்ரா மூன்று மாதத்திலேயே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும், அண்ணன் தங்கை என்ற வேறுபாடு அவற்றுக்குக் கிடையாது. அந்த வயதில் முட்டையிடுகிற பெட்டைக்கு முட்டை அடைத்து உயிரே போகலாம். உயரமான கம்பு ஒன்றை மூடின மூலையில் வையுங்கள். எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக உட்கார்ந்து தூங்கும்.

ஆறு, ஏழு வாரத்தில் சாதாரண நிற ஜீப்ரா ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு நிறம் புள்ளி புள்ளியாக முளைக்கும். கறுப்பு அலகும் சிவக்க ஆரம்பிக்கும். பத்து வாரத்துக்குள் ஆண் ஒரு பக்கம், பெட்டை ஒரு பக்கம் பிரித்துவிடுங்கள். நடுவில் ஒரு தடுப்பு வலை போட்டாலும் சரி. பெங்காலீஸில் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பாடுவது ஆண் என்பது மட்டுமே அடையாளம். எந்த இனமானாலும் எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு ஜோடி சேர்ப்பது நல்லது.

ஒண்ணு மட்டும் உடம்பைச் சிலுப்பிக்கிட்டு ஓரமா இருக்கு. தூக்கமா, சீக்கா?

மத்தியானம் பத்து நிமிடம் சிலுப்பித் தூங்குவது சாதாரணம். பக்கத்தில் போனதும் இறகை ஒட்டிக்கொண்டு விழித்தால் பிரச்சினை இல்லை. போனாலும் அசையாமல் இருந்தால், பகலில் தரையில் உட்கார்ந்தால், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் அது சீக்கு. முதலில் தீனிப்பையைப் பாருங்கள் (மேலே சொன்ன மாதிரி ஊதிப் பார்க்கலாம்). காலியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் பசிதான்.

அதைச் சிறிய கூண்டுக்கு மாற்றி, ஒரு பக்கம் வெளியே 40 வாட் குண்டு பல்பு எரிய விடுங்கள். உள்ளே 30 டிகிரி போல இருக்கட்டும், சூடு அதிகமானால் தள்ளி உட்கார மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். ஊறவைத்த தினையும் முட்டையும் மூக்குக்கு முன்னால் வையுங்கள். சில மணி நேரத்தில் தெம்பு வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடியை நீங்களாகத் தண்ணீரில் கலக்காதீர்கள்.

அப்போ திரும்பவும் அப்பா அம்மாகிட்டயே விட்டா ஊட்டுமா?

ஒன்றிரண்டு நாளுக்குள் என்றால் பெரும்பாலும் ஊட்டும். இரண்டாவது ஈடு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தால் அப்பா குஞ்சை அடிக்கவும் செய்யலாம். விட்டுவிட்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். தலையில் கொத்தினால் உடனே எடுத்து, பெங்காலீஸ் பெரிசு ஒன்றோடு சேர்த்துவிடுங்கள்.

கோல்டியனுக்கும் இதே கணக்கா?

இல்லை. கோல்டியன் குஞ்சு எல்லாவற்றிலும் மெதுவானது. 50 நாளுக்கு முன்னால் பிரிக்க வேண்டாம். அதோடு, சாம்பல் பச்சையாக இருக்கும் குஞ்சு இறகு உதிர்த்து வண்ணம் ஏறுகிற சில மாதங்கள் அதற்குக் கஷ்டகாலம், உடம்பின் சக்தி முழுக்க இறகுக்கே போகும். தலையில் வண்ணம் அங்கங்கே திட்டாக வர ஆரம்பித்துவிட்டால், அது முடியும் வரை இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். மழைக் குளிரில் ஜீப்ரா தாக்குப்பிடிக்கிற இடத்தில் கோல்டியன் தாக்குப்பிடிக்காது.

நாகர்கோவில் கடையில வாங்கின ரெண்டு குஞ்சையும் இதுங்க கூடச் சேர்க்கலாமா?

எந்த ஊர், எந்தக் கடை, எந்த நண்பர் வீடு என்றாலும் 30 நாள் தனி அறையில், தனிக் கிண்ணத்தோடு. முதலில் வீட்டுக் குஞ்சுகளுக்குத் தீனி வைத்துவிட்டு, பிறகே புதியவற்றிடம் போங்கள். ராத்திரி காதை வைத்துக் கேளுங்கள். மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் மூச்சுக்குழலில் உண்ணி இருக்கலாம், மருந்து கொடுக்காமல் சேர்க்கக் கூடாது.

வயல்ல பிடிச்ச தினைக்குருவியைக் கொண்டுவந்து தந்தாங்க. இதுங்க கூட விடலாமா?

கூடாது. தேரூர், சுசீந்திரம் வயல்களில் நெற்கதிரில் கூட்டமாகத் தொங்குகிற சில்லைகள் நம் நாட்டுக் காட்டுப்பறவை. 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். நாம் வளர்க்கிற பெங்காலீஸ் வெண்முதுகுச் சில்லையின் வழிவந்ததுதான். ஆனால் அது சீனாவிலும் ஜப்பானிலும் பல தலைமுறை கூண்டிலேயே பழகி வளர்ந்த இனம். வயலிலிருந்து வந்தது கூண்டில் மோதியே சாகும். சிறகு நன்றாக இருந்தால் பிடித்த வயலிலேயே காலையில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தீனி வைக்கும்போது ஒண்ணு வெளிய பறந்துட்டு. திரும்பி வருமா?

வர வாய்ப்பு உண்டு, முதல் சில மணி நேரத்தில். விரட்டிக்கொண்டு ஓடாதீர்கள், இன்னும் தூரம் போகும். கூடப் பிறந்தவற்றைச் சிறிய கூண்டில் போட்டு, பறந்த இடத்தில் திறந்த வெளியில் வையுங்கள். அவை கூப்பிடுவது கேட்டு வரும். பக்கத்தில் இன்னொரு கூண்டைக் கதவு திறந்து, உள்ளே தினைக்கதிர் தொங்கவிட்டு வையுங்கள். என்னிடமிருந்து போன ஒன்று காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை பக்கத்து வீட்டுச் சன்ஷேடில் உட்கார்ந்து பதில் கொடுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்குப் பசி தாங்காமல் இறங்கி, கூண்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது. இருட்டும் வரை வராவிட்டால் விடிவதற்கு முன்பே அதே இடத்தில் மறுபடி வையுங்கள்.

இனிமேல் போகாமல் இருக்க, கதவின் உள்பக்கம் ஒரு துணித் திரையைத் தைத்து, நடுவில் கை நுழைகிற அளவு கீறிவிடுங்கள். கதவு ஒரு சாண் அளவுக்குமேல் இருந்தால் அதைப் பூட்டி வைத்துவிட்டு, தீனிக்கென்று தரைமட்டத்தில் சின்னதாக இன்னொரு கதவு வைத்துக்கொள்ளுங்கள்.